கடற்காற்றில் மிதக்கும் உயிர்கள்

கடற்கரைக் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. கடல் தருபவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள்; அலை உடையும்போது எழும் திவலைகளோடு சேர்ந்து மேலேறுபவை. நிலம் தருபவற்றில் பூஞ்சை வித்துகள் முன்னிற்கின்றன. இலையிலும் மண்ணிலும் மட்கும் மரத்திலும் உருவாகிக் காற்றில் கலப்பவை. நிலத்தின் மேலுள்ள காற்றில் ஒரு கனமீட்டருக்குப் பத்தாயிரம் பாக்டீரியா அளவில் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. நடுக்கடலில் அது நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். கடற்கரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காற்று திசை மாறினால் சில மணி நேரத்தில் அங்கே மூச்சோடு உள்ளே போகும் உயிர்களின் வகையும் மாறிவிடும்.

கடற்காற்று உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை பழையது. இங்கிலாந்தின் மார்கேட் நகரில் 1791இல் நிறுவப்பட்ட கடற்குளியல் மருத்துவமனை, கழுத்துக் கணுக்களைத் தாக்கும் காசநோய்க்குக் கடல்நீரையும் கடற்காற்றையுமே மருந்தாகக் கொண்டது. அந்த நம்பிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. பல நூறு கிலோமீட்டர் கடலைக் கடந்து வரும் காற்றில் தூசும் வித்துகளும் குறைவு. ஆனால் அந்தக் காற்று கரையைத் தொடுவதற்கு முன் கடைசியாகக் கடந்து வருவது அலை உடையும் பகுதி. அங்கே நீரில் என்ன இருக்கிறதோ அதையும் அள்ளிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறது. கடற்கரைக் காற்றின் தூய்மையைக் கடல்நீரின் தூய்மையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் படிப்படியாக நிறுவியிருக்கின்றன.

குமிழி உடையும் கணம்

அலை மடிந்து விழும்போது காற்றையும் நீருக்குள் அமுக்குகிறது. அமுங்கிய காற்று குமிழிகளாகி மேலே வருகிறது. கரையோரம் காணும் வெண்ணுரை முழுவதும் இந்தக் குமிழிகளே. ஒரு குமிழி பரப்பை எட்டியதும் அதன் தலைமேல் மெல்லிய நீர்ப்படலம் கவிந்து நிற்கும். படலம் கிழிந்தால் பல திவலைகளாகச் சிதறும். பெரிய குமிழியாக இருந்தால் திவலைகள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றில் பல ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. படலம் போன இடத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும். சுற்றியுள்ள நீர் நாலாபுறமிருந்தும் அதற்குள் பாய, நடுவிலிருந்து ஒரு நீர்த்தாரை செங்குத்தாக எழும். அதன் நுனி அறுந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சில துளிகள் மேலே எறியப்படும். இந்தத் தாரைத்துளியின் விட்டம் குமிழியின் விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் குமிழி நூறு மைக்ரான் துளியைப் பல சென்டிமீட்டர் உயரத்துக்கு வீசும். அந்த உயரத்தில் காற்று அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அந்தக் கணக்குப்படி நூறு மைக்ரான் விட்டமுள்ள துளிகளில் இரண்டுக்கு ஒன்றில்தான் ஒரு பாக்டீரியா இருக்க வேண்டும். பத்து மைக்ரான் துளியானால் ஆயிரக்கணக்கில் ஒன்றில்தான் இருக்கும். இந்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்திருந்தால் கடற்காற்றில் கிருமி என்ற பேச்சே எழுந்திருக்காது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகத்தில் டங்கன் பிளான்சார்டும் லாரன்ஸ் சிஸ்டெக்கும் இந்தக் கணக்கைச் சோதித்து 1970இல் முடிவை வெளியிட்டார்கள். செராஷியா மார்செசென்ஸ் என்ற சிவப்பு நிறமுள்ள பாக்டீரியாவைக் கலந்த நீரில் குமிழிகளை விட்டு, உடையும்போது எழும் துளிகளைப் பிடித்து எண்ணினார்கள். துளிகளின் அளவைப் பொறுத்து, கீழே உள்ள நீரைவிடப் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை பாக்டீரியா அவற்றில் செறிந்திருந்தது.

காரணம் குமிழியின் பயணத்தில் இருக்கிறது. நீருக்குள் ஏறிவரும் குமிழி வழியில் மோதும் பாக்டீரியாக்களைத் தன் மேல்தோலில் ஒட்டவைத்துக்கொண்டே வருகிறது. அந்தத் தோல்தான் உடையும்போது தாரையாக எழுகிறது. அதாவது துளியில் இருப்பது சாதாரணக் கடல்நீர் அல்ல, குமிழி திரட்டிய நீர். போதாததற்கு, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதான கடலின் மேற்பரப்புப் படலத்தில் எண்ணெய்ப்பசையும் புரதங்களும் நுண்ணுயிர்களும் ஏற்கெனவே கூடியிருக்கின்றன. குமிழி அதையும் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

எல்லா பாக்டீரியாவுக்கும் இந்த வாகனம் ஒரே அளவில் கிடைப்பதில்லை. கலிபோர்னியாவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் 33 மீட்டர் நீளமுள்ள அலைத்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பசிபிக் கடல்நீரை நிரப்பி, செயற்கையாக அலையை உடைத்து, மேலே எழுந்த திவலைகளின் டி.என்.ஏ.வை நீரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. நீரில் மலிந்திருந்த சில இனங்கள் காற்றில் குறைவாகவே ஏறின. நீரில் அரிதாக இருந்த சில இனங்கள் காற்றில் கூடிவிட்டன. உடலின் மேல் மெழுகுபோன்ற உறை கொண்ட கோரினிபாக்டீரியா வகையினம் ஏறியவற்றில் ஒன்று. நீரை விலக்கும் உறை உள்ளவை குமிழியின் காற்றுப்பக்கத்தில் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. காசநோய்க் கிருமியை உள்ளடக்கிய மைக்கோபாக்டீரியா குடும்பமும் இதே வகை மெழுகுறை கொண்டது என்பதால் இந்த முடிவுக்கு மருத்துவத் துறையிலும் எடை உண்டு.

காற்றில் பிழைப்பது

எழும் துளிகளில் பெரியவை உடனே கடலில் விழுந்துவிடும். சிறியவை நீரை இழந்து சுருங்கி, முழுதும் உலர்ந்தால் பழைய விட்டத்தில் கால்பங்கு உள்ள உப்புத்துகளாகும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உப்பு தன்னைச் சுற்றி நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வெப்பமண்டலக் கரைகளில் இரவில் பெரும்பாலும் இந்த நிலைதான். ஆனால் அது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய நீர். பல பாக்டீரியாக்கள் அதிலேயே மடிந்துவிடும். பகலில் புற ஊதாக் கதிர் மேலும் பலவற்றைக் கொல்கிறது. தப்பிப்பவற்றில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகள் கொண்டவையும், பேசில்லஸ் போலக் கடினமான வித்தாக மாறத் தெரிந்தவையும் அதிகம். கடற்காற்றில் வைத்து எடுத்த, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் வண்ண வண்ணத் திட்டுகள் முளைப்பதற்கு இதுவே காரணம்.

திறந்தவெளிக் காற்றுக்கே தனியாக ஒரு கொல்லும் ஆற்றல் உண்டு என்பது 1968இல் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் தெரியவந்தது. அங்கே மே, ட்ரூயெட் என்ற இரு ஆய்வாளர்கள் சிலந்தி நூலைச் சிறிய சட்டத்தில் சுற்றி, அதன்மேல் ஈ.கோலை பாக்டீரியாக்களைப் படியவைத்து, இரவில் வெளியே வைத்தார்கள். மிதக்கும் துகளை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்க அந்த மெல்லிய நூல் தாங்கியாக உதவியது. மூடிய கலத்தில் அடைபட்ட காற்றில் நெடுநேரம் உயிரோடிருந்த பாக்டீரியா, வெளிக்காற்றில் விரைவாக இறந்தது. ஓசோனும் வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் வினைபுரிந்து உண்டாகும் நிலையற்ற பொருள்களே இதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

தாக்குப்பிடித்தவை நெடுந்தொலைவு போகின்றன. ஸ்பெயினின் மலாஸ்பினா 2010 கடற்பயணம் வெப்பமண்டல, மிதவெப்பக் கடல்களின் மேல் காற்றைச் சேகரித்துக்கொண்டே உலகைச் சுற்றியது. அந்தக் காற்றில் மிதந்த நுண்ணுயிர்களில் 33 முதல் 68 சதவீதம் கடலிலிருந்து எழுந்தவை என்று 2017இல் வெளியான கட்டுரை கணித்தது. எஞ்சியவற்றில் நிலத்து உயிர்களும் ஏராளம். கரையிலிருந்து விலக விலக அவை மிக வேகமாகக் குறைந்தன. தீவுகள் அவற்றுக்கு இடைத்தங்கலாக உதவுவதும் தெரிந்தது.

வித்துகளின் நேரம்

பூஞ்சைகளுக்குக் கடல் தேவையில்லை. காற்றில் போவதற்கென்றே அவை வித்துகளை உருவாக்குகின்றன. உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் வைத்த தட்டுகளில் கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசில்லியம் ஆகிய நான்கும் மாறி மாறி முன்னணியில் வருகின்றன. ஆல்டர்னேரியா வித்து இருபது மைக்ரானுக்கு மேல் நீளமுள்ளது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆஸ்துமாவைத் தூண்டுவதில் பெயர் பெற்றது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான். நுரையீரலின் காற்றறை வரை போகும்.

வித்து வெளியாகும் நேரம் பூஞ்சைக்குப் பூஞ்சை வேறுபடும். கிளாடோஸ்போரியமும் ஆல்டர்னேரியாவும் வெயிலேறிக் காற்று உலர்ந்த பிறகு உதிர்பவை. காளான்கள் இதற்கு நேர்மாறு. காளானின் மடிப்புகளில் ஒவ்வொரு வித்தின் அடியிலும் ஈரக்காற்றிலிருந்து ஒரு நுண்ணிய நீர்த்துளி திரளும். அது வளர்ந்து, வித்தின் பக்கவாட்டிலுள்ள நீர்ப்படலத்தைத் தொட்டதும் சட்டென்று அதோடு கலந்துவிடும். அந்த அசைவின் விசையே வித்தைக் காம்பிலிருந்து தெறிக்கவைக்கிறது. ஈரம் வேண்டியிருப்பதால் இது பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் மும்முரமாக நடக்கும். நிலக்காற்று கடலை நோக்கி வீசும் நேரமும் அதுதான். விடியுமுன் கரையில் நிற்பவரின் மூச்சில் தோப்பும் வயலும் அனுப்பிய வித்துகள் சேர்கின்றன. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்ததும் அவை பின்வாங்கி, அலையின் பாக்டீரியாக்கள் வருகின்றன. எந்த நேரத்தில் எடுத்த மாதிரி என்று குறிப்பிடாமல் ஒரு கடற்கரையின் வித்துக் கணக்கைச் சொல்வதில் பொருளே இல்லை.

வித்துகள் கடலையும் தாண்டும். 1832இல் பீகிள் கப்பல் கேப் வெர்டே தீவுகளை நெருங்கியபோது படிந்த நுண்தூசைச் சார்லஸ் டார்வின் சேகரித்தார். அவர் அனுப்பிய பொட்டலங்களில் ஜெர்மனியின் இயற்கையியலாளர் எரன்பெர்க் 67 வகை உயிர்வடிவங்களை அடையாளம் கண்டார். அதே சகாராத் தூசு அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனிலும் இறங்குகிறது. பார்படோஸ் தீவில் ஜோசப் புரோஸ்பெரோவின் குழு பிடித்த மாதிரிகளில், ஆப்பிரிக்கத் தூசு வந்த நாட்களில் மட்டுமே உயிருள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் தட்டில் வளர்ந்தன. கரீபியக் கடலில் 1990களின் நடுவில் விசிறிப் பவளங்களை அழித்த நோய்க்கு ஆஸ்பெர்ஜில்லஸ் சிடோவி என்ற நிலத்துப் பூஞ்சை காரணம் என்று தெரிந்தபோது, அதுவும் ஆப்பிரிக்கத் தூசோடு வந்ததே என்ற கருத்து வேகமாகப் பரவியது. 2008இல் தூசு மாதிரிகளை நேரடியாகச் சோதித்தவர்களுக்கு அந்தப் பூஞ்சை கிடைக்கவில்லை. தூசும் நோயும் ஒரே பகுதியில் தோன்றியதை வைத்து ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கியது அவசர முடிவு என்றே கொள்ள வேண்டும்.

வான்கூவர் தீவு

காற்றில் வந்த பூஞ்சை ஒரு கடற்கரையையே கலங்கவைத்தது கனடாவில். கிரிப்டோகாக்கஸ் காட்டி என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வெப்பநாடுகளுக்கு உரியது என்றே 1990கள் வரை கருதப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அதன் இருப்பிடம் யூகலிப்டஸ் மரம். 1999இலிருந்து வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில் நாய், பூனைகளுக்கும் மனிதர்களுக்கும் இந்தப் பூஞ்சையால் நோய் வரத் தொடங்கியது. கரையில் ஒதுங்கிய கடற்பன்றிகளின் நுரையீரலிலும் அதே பூஞ்சை இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1999 முதல் 2007 வரை 218 பேருக்கு நோய் கண்டது. 19 பேர் இறந்தார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாத நோய் இது. மூச்சில் இழுத்தவருக்கு நுரையீரலில் தங்கி, சிலருக்கு மூளையுறைக்கும் பரவுகிறது. அறிகுறி தெரிய ஆறேழு மாதம் ஆவது வழக்கம் என்பதால், விடுமுறைக்கு வந்து போனவர்கள் பலருக்குத் தங்கள் நோயைத் தீவோடு தொடர்புபடுத்தவே தோன்றவில்லை.

டக்ளஸ் ஃபர் உள்ளிட்ட மரங்களின் பட்டையிலும், அடிமண்ணிலும், ராத்ரெவர் கடற்கரைப் பூங்கா போன்ற இடங்களின் காற்றிலும் பூஞ்சை அகப்பட்டது. கோடையில் மண் உலர்ந்த மாதங்களில் காற்றில் அதன் அளவு கூடியது. வாகனங்களின் சக்கரக் கூட்டிலும் காலணிகளிலும் ஒட்டிப் புதிய இடங்களுக்கும் போயிருந்தது.

வெப்பநாட்டுப் பூஞ்சை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு 2019இல் எங்கல்தாலர், காசடேவால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். 1914இல் பனாமா கால்வாய் திறந்த பின் கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பும் நீரோடு அது பசிபிக் வடமேற்குக் கடலுக்கு வந்திருக்கலாம். 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவை உலுக்கிய 9.2 அளவு நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை அதைக் கரையோரக் காடுகளுக்குள் கொட்டியிருக்கலாம். மண்ணின் அமீபாக்களோடு போராடிப் பல பத்தாண்டுகளில் வீரியம் பெற்று நோயாக வெளிப்பட்டிருக்கலாம். இது இன்னும் கருதுகோள்தான். ஆனாலும் பூஞ்சையின் மரபணுக் காலக்கணக்கோடும் நோய் தோன்றிய இடங்களின் வரைபடத்தோடும் பொருந்துகிறது.

இம்பீரியல் பீச்

அலை கழிவுநீரைக் காற்றாக்கித் தருவதைத் துல்லியமாகக் காட்டிய இடம் அமெரிக்காவின் சான் டியேகோவுக்குத் தெற்கேயுள்ள இம்பீரியல் பீச். மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி வரும் டிஹுவானா ஆறு அதன் அருகே பசிபிக்கில் கலக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களால் சமாளிக்க முடியாத கழிவுநீர், முக்கியமாக மழைக்காலத்தில், ஆற்றோடு கடலுக்குள் இறங்குகிறது. 2021 டிசம்பரிலிருந்து ஆயிரம் நாட்களுக்கு மேல் அந்தக் கடற்கரையில் குளிக்கத் தடை நீடித்தது. தடைப் பலகை மக்களை நீரிலிருந்து விலக்கியது, காற்றிலிருந்து விலக்கவில்லை.

ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் கிம்பர்லி பிரேதர் குழு 2019 ஜனவரி முதல் மே வரை அங்கே காற்றையும் நீரையும் சேகரித்தது. முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அகார் தட்டில் வளர்வது மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான் என்பதால் அவர்கள் தட்டை நம்பவில்லை. வடிதாளில் படிந்த டி.என்.ஏ.வைப் படித்து, எந்த பாக்டீரியா ஆற்றுக்குரியது, எது கடலுக்குரியது என்று பிரித்தார்கள். இம்பீரியல் பீச்சின் காற்றிலிருந்த பாக்டீரியாக்களில் நான்கில் மூன்று பங்கு வரை கழிவுநீர் கலந்த ஆற்றைச் சேர்ந்தவை. டி.என்.ஏ. இருப்பதால் மட்டும் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்றோ, நோய் தரும் என்றோ சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்களும் அதைத் தெளிவாகவே எழுதினார்கள். ஆனால் ஆற்றுக்கழிவு அலைவழியே காற்றேறி ஊருக்குள் வருகிறது என்பதில் இனி ஐயமில்லை.

இப்படி நடக்கும் என்பதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. அலை உடையும் இடத்தில் வேண்டுமென்றே கலந்துவிட்ட, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள் கரைக்காற்றில் அகப்படுவதை 1977லேயே ஒரு பரிசோதனை காட்டியிருந்தது. அமெரிக்காவின் மெய்ன் கரையில், மூடுபனி இறங்கும் வேளையில் உயிருள்ள நுண்ணுயிர்கள் அதிகமாகத் தரையில் படிவதையும் பின்னால் வந்த ஆய்வு கண்டது. பனித்துளி அவற்றைப் பெரிதாக்கி இறக்குகிறது, உலராமலும் காக்கிறது.

எண்ணும் கருவியும் இல்லாத வரம்பும்

காற்றின் உயிர்களை எண்ண இன்றும் பரவலாகப் பயன்படுவது 1958இல் ஆண்டர்சன் வடிவமைத்த ஆறடுக்குக் கருவி. ஒவ்வொரு அடுக்கிலும் 400 துளைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அகார் தட்டு. நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்று மேலிருந்து இழுக்கப்படும். துளைகள் அடுக்குக்கு அடுக்குச் சிறுத்துக்கொண்டே போவதால் பெரிய துகள்கள் மேல் தட்டிலும் நுண்ணியவை கீழ்த் தட்டிலும் மோதி ஒட்டும். மூச்சுக்குழாயில் எது எவ்வளவு ஆழம் போகும் என்பதை அடுக்குகளே சொல்லிவிடும்.

கருவி இருந்தும், ஒப்பிடுவதற்குக் காற்றுக்கென்று வரம்பு இல்லை. இந்தியாவில் குளிப்பதற்குரிய கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு 100 மலக்கோலிஃபார்ம் பாக்டீரியா என்ற அளவு விதிக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கடற்கரை மணலையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கிராம் மணலில் 60 குடல் என்டரோகாக்கஸ், 89 பூஞ்சை என்ற வழிகாட்டு அளவுகளைத் தந்தது. 2009இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் காற்றுத் தர அளவீட்டுப் பட்டியலில் 12 மாசுகள் உண்டு. உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. நீரையும் மணலையும் காற்றையும் தனித்தனி ஏடுகளில் எழுதிவைப்பது அலுவலகத்துக்கு வசதியாக இருக்கலாம். அலைக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது.

2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையின் பட்டினப்பாக்கம், மெரினா கரைகளில் வெண்ணுரை பொங்கிக் குவிந்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் சலவைத்தூள் எச்சமும் மழைநீரோடு சேர்ந்து கடலில் கலந்ததன் விளைவு அது. குழந்தைகள் அதில் இறங்கி விளையாடினார்கள். நுரையைத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கை வந்தது. அந்த நுரையின் குமிழிகள் உடைந்து காற்றில் ஏறியவை பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

சென்னையில் கழிவு இப்படிக் காற்றேறுவதற்கு ஒரு பருவப் பொருத்தமும் உண்டு. அடையாற்றையும் கூவத்தையும் நிரப்பிக் கழிவைக் கடலில் தள்ளுவது வடகிழக்குப் பருவமழை. கடலிலிருந்து கரையை நோக்கி வீசுவதும், அலையை உயர்த்துவதும் அதே பருவத்தின் கொண்டல் காற்று. கழிமுகத்தில் கழிவு மிகுந்திருக்கும் வாரங்களிலேயே குமிழியும் திவலையும் கரைநோக்கிய காற்றும் கூடிவருகின்றன. பெரிய திவலைகள் அலைக்கு அருகிலேயே இறங்கிவிடுவதால், அவற்றின் பெரும்பங்கு சேர்வது நகரத்துக்குள் அல்ல. அடையாற்று முகத்தின் இருபுறமும் கடலை ஒட்டியுள்ள சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும். அங்கே ஆண்டர்சன் கருவியை ஒரு பருவமழை முழுவதும், காற்றின் திசையையும் ஆற்றுநீரின் கோலிஃபார்ம் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்துக்கொண்டே ஓட்டினால், இம்பீரியல் பீச்சில் கிடைத்த கணக்கோடு ஒப்பிடத்தக்க ஒரு கணக்கு வங்கக் கரைக்கும் கிடைக்கும்.